கோகிலவாணிக்கு முதுகு காட்டிய பூக்கள்

வேலம்புதூர் பஞ்சாலைக் காலனியில் பூவிதை வாங்க நினைக்கிற பெண்கள் முதலில் கடைக்குப் போவதில்லை, கோகிலவாணி வீட்டுக்குத்தான் போவார்கள். ஆடிக்காற்று ஓட்டுக் கூரைகளின் மேல் தூசியை வாரி இறைக்கத் தொடங்கியதுமே, வரிசை வீடுகளின் முன்னால் பாய் விரிக்கிற அகலத்துக்கு இருக்கும் துண்டு நிலத்தைக் கொத்திப் போட்டுவிட்டு, மண் ஒட்டிய கையோடு அவள் வாசலுக்கு வந்து, இந்த வருஷம் எங்கே வாங்கலாம் என்று கேட்பார்கள். கோகிலவாணியும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நாலு இடமும் போய் விசாரித்து வந்தவள் என்கிற நிதானத்தோடு சொல்லுவாள்: அரசுப் பண்ணையில் விதை நயமானது, ஆனால் நாம் கேட்கிற ரகம் நாம் போகிற நாளில் இருக்க வேண்டும், கடைவீதியில் பாக்கெட்டின் மேல் படம் பெரிதாக இருக்கும், காதோரம் வைத்துக் குலுக்கினால் சத்தம் சிறிதாக இருக்கும், செல்போனில் சொல்லிவிட்டால் கூரியரில் வீட்டுக்கே வரும், ஆனால் அது குளிர்தேசத்துப் பூ, நம் வெயிலில் இரண்டு இலை விட்டுவிட்டு அதற்குமேல் போவதா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றுவிடும், ஆகவே செவ்வாய்க்கிழமைச் சந்தைக்குப் போய்த் தெய்வாத்தாளிடம் வாங்குங்கள், கொடுக்கிற காசுக்குக் குறைவில்லை.

தெய்வாத்தாள் சந்தையில் ரப்பர் செருப்புக் கடைக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்காருகிறவள். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான, அதிகம் பேசாத பெண். அணைக்கட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணன் காட்டின் வரப்போரமெல்லாம் பூச்செடி வளர்த்து, காய்ந்த தலைகளைக் கசக்கி, புடைத்து, ஜினியா ஒரு பை, காசித்தும்பை ஒரு பை, கோழிக்கொண்டை, செண்டுமல்லி, வாடாமல்லி என்று தனித்தனித் துணிப்பையில் கட்டிக்கொண்டு வருவாள். அளவு, இருமல் மருந்து பாட்டிலின் மூடி. மூடியைக் கோபுரமாக அள்ளிக் காகிதத்தில் கவிழ்த்துவிட்டு, மேலே ஒரு கிள்ளு போடாமல் மடிக்க மாட்டாள். காலனியின் எல்லா வாசலிலும், பிள்ளையார் கோயில் நந்தவனத்திலும், ரேஷன் கடை வேலியோரத்திலும், போலீஸ் ஸ்டேஷன் கொடிக்கம்பத்தைச் சுற்றியும் பூத்துக் கிடந்ததெல்லாம் அவள் மூடியால் அளந்து வந்தவைதான்.

அந்த வருஷம் மில்லுக்குப் பொன்விழா வந்தது. ஐப்பசியில் முதலாளி குடும்பம் வெளியூரிலிருந்து வரும், காலனியைச் சுற்றிப் பார்க்கும், எந்த வீட்டு முன்தோட்டம் அழகோ அந்த வீட்டுக்கு ஆளுயரப் பித்தளைக் குத்துவிளக்கு தரும் என்று சங்கச் செயலாளர் அருணகிரி வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். அன்றைக்குத் தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்த கோகிலவாணிக்கு, இத்தனை காலமும் உறைக்காத ஒன்று உறைத்தது. அவள் கைகாட்டிய விதையே எல்லார் வாசலிலும் பூத்ததால், அவள் வாசல் முன்னால் மட்டும் யாரும் நின்று பார்த்ததே இல்லை. பக்கத்து வீட்டு வாசல் போலவே அவள் வாசலும் இருந்தது. அதற்குப் பக்கத்து வாசலும் அப்படியே இருந்தது. இடம் காட்டியவள் யார் என்று பூவில் எழுதியா இருக்கிறது.

அப்போது பக்கத்து வீட்டுப் பிலோமினா குடத்தோடு வந்தாள். மில் மருந்தகத்தில் கட்டுப் போடுகிற வேலை அவளுக்கு. காலையில் அவள் காதில் விழுந்தது மாலைக்குள் காலனி முழுக்கப் போய்விடும். இந்த வருஷமும் தெய்வாத்தாளிடம்தானே என்று அவள் கேட்டாள். கோகிலவாணி குழாயைத் திருகிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"வேண்டாம் பிலோமினா. அந்தக்கா விதையெல்லாம் மழையில நனைஞ்சு போச்சு. புழு விழுந்திருக்கு, என் கண்ணால பார்த்தேன்."

சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் பிற்பாடு அவளை அதிகமாக உறுத்தியது. நாக்குத் தடுக்கவில்லை, குடம் நிறைந்தது, தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ரசத்துக்குப் புளி கரைத்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை காலனிப் பெண்கள் கடைவீதிக்குப் போய்ப் படம் போட்ட பாக்கெட்டுகளை வாங்கி வந்தார்கள். கோயில்காரர்களும் மற்றவர்களும் அதைப் பார்த்துவிட்டு அங்கேயே போனார்கள். அதற்கடுத்த செவ்வாயும், அதற்கடுத்த செவ்வாயும், தெய்வாத்தாளின் பைகள் கட்டு அவிழாமலே வீடு திரும்பின.

ஆடி முடியப் போகிற ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தை கலைகிற நேரம் பார்த்துக் கோகிலவாணி போனாள். தெய்வாத்தாள் சாக்கைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். காலனி ஆட்களை ஏன் காணோம், யாராவது ஏதாவது சொன்னார்களா என்று அவள் கேட்டபோது, இப்போதெல்லாம் எல்லாரும் செல்போனில் வாங்கிவிடுகிறார்கள் அக்கா, காலம் அப்படி ஆகிவிட்டது என்று கோகிலவாணி வருத்தப்பட்டாள். வருத்தப்பட்டுவிட்டு, எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்வதாகவும், ஆனால் விலையைப் பார்த்துப் போட வேண்டும் என்றும் சொன்னாள். அவள் கேட்ட விலை பேருந்துக் கட்டணத்துக்குத்தான் போதும். தெய்வாத்தாள் சற்று நேரம் செருப்புக் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பைகளை அவிழ்த்து, மூடி மூடியாக அள்ளிப் போடத் தொடங்கினாள். போடும்போது அவள் உதடு அசைந்தது. மூடிக்கணக்கை எண்ணுகிறாள் என்று கோகிலவாணி நினைத்தாள். கடைசியில் வழக்கம்போல மேலே ஒரு கிள்ளும் போட்டாள். அதற்குப் பிறகு சந்தையில் செருப்புக் கடைக்குப் பக்கத்து இடம் வெறும் தரையாகவே கிடந்தது.

விதைகள் ஒன்று விடாமல் முளைத்தன. புரட்டாசி மழைக்குச் செடிகள் இடுப்புயரம் வந்து, அந்தத் துண்டு நிலத்தில் இத்தனை செடிக்கு இடமேது என்று கேட்கும்படி மொய்த்து, ஒரு காலையில் எல்லாம் சேர்ந்து பூத்தன. சாணித் தண்ணீர் வாளியோடு கதவைத் திறந்த கோகிலவாணி, தன் தோட்டத்துப் பூக்களின் முதுகைப் பார்த்தாள். வெயில் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று நினைத்து, தெருவுக்கு இறங்கி அந்தப் பக்கம் போனாள். அவள் படியிறங்க இறங்க, பூக்கள் காம்பை மெல்லத் திருகி, வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டன. வாளியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி வாசலுக்கு வந்தாள். அவை மறுபடி தெருவைப் பார்த்தன. காற்று இல்லை. ஒரு இலை கூட ஆடவில்லை. வேண்டாதவர் வீட்டுக்குள் வரும்போது பெண்கள் சும்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார்களே, அப்படித் திரும்பின, சத்தமில்லாமல், சண்டையில்லாமல்.

அவள் கண்ணாடியைக் கொண்டுவந்து தோளுக்கு மேல் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடிக்கும் முதுகைத்தான் காட்டின. பறித்துத் தொடுத்துச் சாமி படத்துக்குப் போட்டாள். பூக்கள் சாமியைப் பார்த்து முகம் புதைத்துக்கொண்டன. திரும்பத் தெரியாத கோழிக்கொண்டைகூட, அவள் வரும்போது கழுத்தை மடித்துத் தரையைப் பார்த்தது. நாட்கள் போகப் போக, ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று, பூக்களின் பின்பக்கம்: ஜினியாவின் அடியில் மீன் செதில் அடுக்கியிருக்கும், காசித்தும்பைக்குப் பின்னால் கொக்கிபோல் ஒரு வால் இருக்கும், செண்டுமல்லி ஒரு பச்சைக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும்.

இது அவள் தோட்டத்தோடு நின்றிருந்தால் மறைத்திருப்பாள். கோயிலுக்குப் போனால், போன வருஷத்து விதை தானாக உதிர்ந்து முளைத்திருந்த நந்தவனத்துச் செண்டுமல்லியெல்லாம் கருவறைச் சுவரைப் பார்த்துத் திரும்பியது. ரேஷன் கடைக்குப் போனால் வேலியோர வாடாமல்லி வரிசையாகத் தலையைத் திருப்பிக்கொண்டது. காலனி வாசல்களில் பாக்கெட் விதையில் வந்த பூக்கள் மட்டும் வெறுமனே வெயிலைப் பார்த்துக்கொண்டு, அவள் வந்ததையும் போனதையும் கவனிக்காமல் இருந்தன. தெய்வாத்தாள் விதை எங்கெல்லாம் வேர்விட்டிருந்ததோ அங்கெல்லாம்தான் இப்படி நடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கக் காலனிக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

ஆனால் யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. மில் சங்கு ஊதுவது, தண்ணீர் முறை வைத்து வருவது, பூக்கள் கோகிலவாணிக்குத் திரும்பிக்கொள்வது என்று அதுவும் காலனியின் நடப்புகளில் ஒன்றாகிப்போனது. வீதியில் விளையாடுகிற பிள்ளைகள் ரேஷன் கடை வேலியைப் பார்த்தே அவள் வருகிறாள் என்று சொல்லிவிடுவார்கள். கோயில் பூசாரி அவள் சாமி கும்பிட்டுப் போகும் வரை பூப்பறிக்கக் காத்திருப்பார், முகம் தெரியாமல் பறித்தால் காம்பு நீளம் தப்பிப்போகிறது என்று. மற்றபடி அந்த வருஷம் ஊரிலேயே பார்க்கத் தகுந்த தோட்டம் அவளுடையதாகத்தான் இருந்தது. அவள் வீட்டுக்குள் இருந்துவிட்டால் பூக்களெல்லாம் தெருவைப் பார்த்து அப்படி மலர்ந்து நிற்கும். அருணகிரியின் மகளுக்கு நிச்சயதார்த்தம் ஆனபோது, பெண்ணையும் மாப்பிள்ளையையும் அந்தத் தோட்டத்தின் முன்னால் நிறுத்திப் படம் எடுக்க வந்தார்கள். வாணியக்கா, கொஞ்சம் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளுங்களேன் என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்கள். அதற்குப் பிறகு காதுகுத்து, பிறந்தநாள், பேரன் பேத்தி வந்தது என்று யார் படம் எடுக்க வந்தாலும், அவளுக்கு ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டாயிற்று. பாயசமும் முதலில் அவளுக்குத்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். யாராவது ஒருத்தி, நீ என்னடி செய்தாய் என்று தலைமயிரைப் பிடித்துக் கேட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர்களோ கேட்காமல் இருப்பதைச் சேர்ந்து செய்தார்கள், ஒரு சடங்கைச் செய்வதுபோல.

அவள் புருஷன் நாச்சிமுத்து மில்லில் ஃபிட்டர். இயந்திரம் எங்கே கோளாறு என்று காதை வைத்தே சொல்லிவிடுகிற மனுஷன், இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் அவரே செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே வருவார். கோகிலவாணி தட்டில் இட்டிலி வைத்துக்கொண்டே, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பாள். சிவப்பு ஜினியாவில் புதிதாக நாலைந்து வந்திருக்கிறது, நடுவில் மஞ்சள் வட்டம் கட்டியிருக்கிறது, காசித்தும்பையில் ஒன்று ரோஸும் இல்லாமல் ஊதாவும் இல்லாமல் ஒரு நிறம் என்று அவர் சொல்லுவார். பொதுவாக நிறம் பற்றிப் பேசுகிற ஆள் இல்லை. அவளுக்காகப் பார்த்து, மறந்துவிடாமல் உள்ளே கொண்டுவந்து சொல்கிறார் என்பது தெரிந்ததனால், அவளால் தலை நிமிர்ந்து கேட்க முடிவதில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பாள்.

பொன்விழா வந்தது. முதலாளி வீட்டு அம்மாள் வெயிலுக்குக் குடை பிடித்தபடி தெருத் தெருவாக வந்து, கோகிலவாணியின் வாசலில் நின்று, வெகுநேரம் நகராமல் பார்த்தாள். இத்தனை நாளாக அவள் ஆசைப்பட்டபடியே காலனி மொத்தமும் அந்த வாசல் முன்னால்தான் கூடியிருந்தது. கோகிலவாணி பட்டுப்புடவை கட்டி, உள்ளே ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். பரிசு இந்த வீட்டுக்குத்தான் என்றாகி, வீட்டம்மா எங்கே என்று அந்த அம்மாள் கேட்க, அருணகிரி அவள் காதருகே குனிந்து, அவர்கள் வெளியே வந்தால் பூ திரும்பிக்கொள்ளும், ஜன்னல் வழியாகவே கொடுத்துவிடலாம் என்று விளக்கினார். அந்த அம்மாளும் அப்படியா என்றுவிட்டு, விளக்கைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். விளக்கின் அடித்தட்டு கம்பிக்குள் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், கழற்றிப் பார்த்தார்கள். பிறகு யாரோ, நாச்சிமுத்தண்ணன் வாங்கிக்கொள்ளட்டும் என்றார்கள். நாச்சிமுத்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து, இரண்டு கையையும் நீட்டினார்.

அந்தக் கைகளைப் பார்த்ததும் கோகிலவாணிக்கு எங்கிருந்தோ குரல் வந்தது.

"அதை அவர் கையில குடுக்காதீங்க."

எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"தெய்வாத்தாக்கா விதையில புழு இல்லீங்க. நனையவும் இல்ல. நீங்க யாரும் வாங்கக் கூடாதுன்னு நான்தான் பொய் சொன்னேன். சொல்லிட்டு நான் மட்டும் போய், அடிமாட்டு விலைக்கு அள்ளிட்டு வந்தேன்."

அந்த அம்மாளுக்கு எதுவும் புரியவில்லை. அருணகிரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துவிட்டு, அடுத்த தெரு பாக்கி இருக்கிறது என்று நினைவுபடுத்தினார். விளக்கு கூட்டத்தோடு நகர்ந்து வேறு எந்த வாசலுக்கோ போயிற்று. நாச்சிமுத்து நீட்டிய கையை மெல்ல இறக்கி, உள்ளே வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, தெய்வாத்தாள் ஊருக்கு முதல் பேருந்து எப்போது என்று மட்டும் சொன்னார்.

அவள் கிளம்பும்போது பிலோமினா வேலியோரம் வந்து நின்றாள். ஏதாவது சொல்லித் திட்டுவாள் என்று எதிர்பார்த்துக் கோகிலவாணியும் நின்றாள்.

"சந்தைக்கு நானும் போகத்தான் செஞ்சேன் வாணி. அந்தக்கா உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தேன். பையை அவிழ்த்துக் காட்டுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடைவீதிப் பாக்கெட்டுல படம் நல்லா இருந்துச்சு, போயிட்டேன்." சொல்லிவிட்டு அவள் தன் பாக்கெட் செடிகளில் காய்ந்த இலையைக் கிள்ளத் தொடங்கினாள்.

தெய்வாத்தாள் இப்போது அணைக்கட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மஞ்சி மில்லில் தென்னைநார் உதறிக்கொண்டிருந்தாள். தலை, புருவம், இமை எல்லாம் பழுப்புத் தூசி. அந்தத் தூசிக்குள்ளிருந்து யாரென்று பார்த்து, தெரிந்துகொண்டு, உதறுவதை நிறுத்தாமலே காது கொடுத்தாள். கோகிலவாணி எல்லாவற்றையும் சொன்னாள். குழாயடியில் சொன்னதை, சந்தையில் செல்போன் என்று சொன்னதை, பூக்கள் திரும்பிக்கொண்டதை.

"தெரியுமுங்க," என்றாள் தெய்வாத்தாள். "செருப்புக் கடைக்காரரு முதல் வாரமே சொல்லிட்டாரு. நீங்க அன்னைக்கி வந்து நிக்கறப்பவும் தெரியும்."

"தெரிஞ்சுமா அளந்து குடுத்தீங்க, அக்கா?"

"வேற யாரு வாங்கறாங்க? அடுத்த வருஷத்துக்கு வெச்சா நெசமாலுமே புழு விழும்." நாரை ஒருதரம் ஓங்கி உதறினாள். "சும்மா ஒண்ணும் அளக்கலீங்க. ஒவ்வொரு மூடிக்கும் உங்களைத் திட்டிட்டேதான் போட்டேன். இவ மூஞ்சியில முழிக்காதீங்கன்னு சொன்னனோ என்னமோ. வயித்தெரிச்சல்ல வாய் என்னென்னமோ சொல்லும். விதை கேட்டுக்கும்னு யாரு கண்டா."

கோகிலவாணி மன்னிப்புக் கேட்டாள். தெய்வாத்தாள் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பூ எப்படி வந்திருக்கிறது என்றுதான் கேட்டாள். நன்றாக வந்திருக்கிறதாம் என்று கோகிலவாணி சொன்னாள். அந்த 'தாம்' காதில் விழுந்ததும் தெய்வாத்தாள் முதல்முறையாகக் கையை நிறுத்தினாள். வார விடுமுறையன்று வந்து பார்க்கிறேன் என்றாள்.

வந்தாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து கோகிலவாணிதான் அழைத்துவந்தாள். போகிற வழியெல்லாம் ரேஷன் கடை வேலி திரும்பிக்கொண்டது, நந்தவனம் திரும்பிக்கொண்டது. இருவரும் சேர்ந்து வீட்டு வாசலுக்கு வந்து நின்றபோது, அந்தத் தோட்டம் முழுவதும் வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தெய்வாத்தாள் தான் வளர்த்த பூக்களின் பிள்ளைகளைப் பார்க்கத் தலைவாரி, பொட்டு வைத்து, நல்ல புடவை கட்டி வந்திருந்தாள். அவளுக்கும் முதுகுதான் தெரிந்தது. குனிந்து ஒரு ஜினியாவை விரலால் தன் பக்கம் திருப்பப் பார்த்தாள். விரலை எடுத்ததும் அது போய்விட்டது. காலனிப் பெண்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பக்கத்தில் வரவில்லை. வர அவர்களுக்கும் முகமில்லை.

தன் பக்கத்தில் நிற்பதால்தான் இவளுக்கும் இது என்று கோகிலவாணிக்கு அப்போதுதான் விளங்கியது. யாரும் அவளை ஜன்னலோரம் போகச் சொல்லவில்லை. அவளாகச் செடிகளுக்கு நடுவே நடந்தாள். அவள் போகப் போக இரண்டு பக்கமும் பூக்கள் விலகித் திரும்பின. உள்ளே போய், கம்பிக்குப் பின்னால் நின்றாள்.

தோட்டம் தெருவைப் பார்த்தது. தெய்வாத்தாள் சின்னதாகச் சிரித்து, ஒவ்வொன்றாகத் தொட்டு, இது வரப்பில் இருந்த பழைய சிவப்பு, இது எப்போது இந்த நிறமாச்சு என்று பூக்களிடமே பேசிக்கொண்டு நடந்தாள். ஜன்னலுக்குள்ளிருந்து கோகிலவாணிக்குப் பச்சை முதுகுகளும், அவற்றுக்கு மேலே அந்த முகமும் தெரிந்தன. பூக்களைப் பார்க்கிற முகம் எப்படியிருக்கும் என்று அவள் இத்தனை வருஷத்தில் கவனித்ததே இல்லை. எந்த வாசலை நின்று பார்க்கிறார்கள் என்றுதான் கவனித்திருந்தாள். ஒரு தடவை தெய்வாத்தாள் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டாள்.

பார்த்து முடித்ததும் தெய்வாத்தாள் முந்தானையை விரித்து, காய்ந்திருந்த பூத்தலைகளையெல்லாம் கேட்காமல் பறித்துக்கொண்டாள். காயாததை, காய்ந்ததும் பறித்து அனுப்பும்படி நாச்சிமுத்திடம் சொன்னாள். வைத்த காப்பியைக் குடித்தாள். கோகிலவாணியிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

அடுத்த ஆடியில் செருப்புக் கடைக்குப் பக்கத்தில் மறுபடி சாக்கு விரிந்தது. காலனிப் பெண்கள் கோகிலவாணியிடம் கேட்காமலே நேராக அங்கே போனார்கள். பேரம் பேசக் கூச்சப்பட்டார்கள். கடைசி ஆளாக நின்று அவளும் வாங்கினாள். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, அளக்கிறவளின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசையவில்லை. திட்டவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை.

செடிகள் வந்து, மொட்டு விட்டு, மழை நின்ற ஒரு காலையில் பூத்தன. வாளியோடு கதவைத் திறந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். பூக்கள் அவளைப் பார்க்கவில்லை. தெருவையும் பார்க்கவில்லை. எல்லாம் பக்கவாட்டில் மலர்ந்திருந்தன, பேருந்தில் பக்கத்தில் இடம் கொடுத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருகிறவர்களைப் போல. அவள் அசைந்தாள், அவை அசையவில்லை. படியில் உட்கார்ந்து பார்த்தாள். ஜினியாவின் சிவப்பில் பாதி தெரிந்தது. நடுவிலிருந்த மஞ்சள் வட்டத்திலும் பாதி தெரிந்தது.

உள்ளேயிருந்து நாச்சிமுத்து, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெரிந்த மட்டும் சொன்னாள்.